வார்டன் சீனியம்மாளின் இங்கிலீஷ்

ஆகஸ்ட் 4, திங்கள்

இந்த நோட்டை ஷெரின் மிஸ் கொடுத்தார். தினமும் நாலு வரியாவது இதில் எழுத வேண்டுமாம், அதுவும் இங்கிலீஷில். முதல் நாளே சொல்லிவிடுகிறேன், நான் தமிழில்தான் எழுதப் போகிறேன். யார் வந்து பார்க்கப் போகிறார்கள்?

விஷயம் இதுதான். எங்கள் மில்லில் நூல் வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து ஒரு அம்மாள் இந்த மாதம் வருகிறார். வேலை பார்க்கிற பிள்ளைகளை ஒழுங்காக வைத்திருக்கிறோமா என்று பார்த்துவிட்டுப் போவாராம். அதற்குள் ஸ்டாஃப் எல்லாரும் இங்கிலீஷ் பேசியாக வேண்டும் என்று ஹெச்.ஆர். கோகுலகிருஷ்ணன் சார் கோயம்புத்தூரிலிருந்து மிஸ்ஸை வரவழைத்திருக்கிறார். ஸ்டாஃப் என்றால் சூப்பர்வைசர்கள், அக்கவுன்ட்ஸ் பையன்கள், கேன்டீன் மேனேஜர், அப்புறம் பெண்கள் விடுதி வார்டன் சீனியம்மாளாகிய நான்.

வெறும் இங்கிலீஷ் இல்லை, ஐடியம். பள்ளிக்கூடத்தில் மரபுத்தொடர் என்று படித்தோமே, அதுதான். ஆபீஸ்களில் வெள்ளைக்காரர்கள் இப்படித்தான் பேசிக்கொள்வார்களாம். இன்றைக்கு "பீஸ் ஆஃப் கேக்". ரொம்ப சுலபம் என்று அர்த்தம். நாம் அல்வா சாப்பிடுகிற மாதிரி என்கிறோம், அவர்கள் கேக் என்கிறார்கள். இதற்கு ஒரு மணி நேரம் வகுப்பு.

தண்ணீர்த் தொட்டி கழுவுகிறவன் இன்றைக்கும் வரவில்லை.

ஆகஸ்ட் 6, புதன்

இன்று "அண்டர் த வெதர்". உடம்பு சரியில்லை என்பதை இப்படிச் சொல்ல வேண்டும். எனக்குப் பிடித்திருந்தது. உடம்பு சரியில்லை என்றால் கேட்கிறவருக்குத் திக்கென்று இருக்கும். இப்படிச் சொன்னால் ஏதோ மழைக்கு ஒதுங்கி நிற்கிற மாதிரி இருக்கிறது.

வகுப்பு முடிந்து வரும்போது சார் கேட்டார், "ஏனுங்க வார்டன், சிக் ரூம்ல யாரோ படுத்திருக்காங்களாம்?"

"நாகஜோதி சார். அண்டர் த வெதர்."

சார் சிரித்துவிட்டார். "பரவால்லீங்களே! எல்லாருக்கும் முன்னாடி நீங்கதான் புடிச்சிருக்கீங்க." இத்தனை வருடத்தில் சார் என்னைப் பாராட்டியது இதுதான் முதல் தடவை.

நாகஜோதி கமுதிப் பக்கத்துப் பிள்ளை. பத்தொன்பது வயது. ப்ளஸ் டூ பாஸ் செய்துவிட்டு இங்கே வந்தவள். பஞ்சுத் தூசி சிலருக்குச் சேராது. போன மாதத்திலிருந்து இருமிக்கொண்டே இருக்கிறாள். மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. மில் டிஸ்பென்சரியில் வெள்ளை மாத்திரை கொடுத்தார்கள். அங்கே எல்லா நோவுக்கும் அந்த மாத்திரைதான்.

ஆகஸ்ட் 7, வியாழன்

மாவு புளித்துவிட்டது. கேன்டீன் மேனேஜரிடம் சண்டை. இங்கிலீஷில் சண்டை போட இன்னும் கற்றுத்தரவில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

போன் நாள். பிள்ளைகளின் போன்கள் என் அறை அலமாரியில் இருக்கும், சாவி என் இடுப்பில். ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொருத்தியாக வந்து, என் முன்னால் ஸ்பீக்கரில் போட்டுப் பேச வேண்டும். இது நான் போட்ட சட்டம் இல்லை.

நாகஜோதி பேசிய பாதி நேரம் இருமினாள். அந்தப் பக்கம் அவள் அம்மா, "என்னத்தா இப்பிடி இருமுற, நெஞ்செல்லாம் அடைச்சுக் கெடக்கே. நான் வந்து கூட்டிட்டு வந்துருறேன்" என்று அழுதார். கரிமூட்டம் போடும் வேலைக்குப் போகிறவர். அப்பா இல்லை.

ஒப்பந்தக் காலம் முடியாமல் பிள்ளைகளை ஊருக்கு அனுப்புவதில்லை. அவசரம் என்றால் பெற்றவர் நேரில் வந்து கையெழுத்துப் போட்டுக் கூட்டிப் போகலாம். அந்த வழி இருக்கிறதே என்று சாரிடம் போய்க் கேட்டேன்.

"விசிட் முடியற வரைக்கும் ஒருத்தரையும் வெளிய அனுப்பறதா இல்லீங்க. இருமிட்டுப் போற புள்ளைய வெளி ஆஸ்பத்திரில சேத்தா, எங்க வேலை பாத்தேன்னு கேப்பாங்க. மை ஹேண்ட்ஸ் ஆர் டைட்."

இதுவும் ஐடியம். கையைக் கட்டிப் போட்டுவிட்டார்கள் என்று அர்த்தம். சாரின் கையையும் யாரோ கட்டியிருக்கிறார்கள் என்றால் நான் எம்மாத்திரம்?

ஆகஸ்ட் 12, செவ்வாய்

ஒரு நல்ல யோசனை வந்தது. எனக்குப் பேசிப் பழக ஆள் வேண்டும். நாகஜோதி சும்மாதான் படுத்திருக்கிறாள், இங்கிலீஷும் என்னைவிடத் தேவலை. அவளையே அந்த வெளிநாட்டு அம்மாளாக்கிவிட்டேன்.

துண்டைத் தோளில் மடித்துப் போட்டுக்கொண்டு, கட்டிலில் கால்மேல் கால் போட்டு, மூக்கால் பேசினாள். "மிஸஸ் சீனி, ஹவ் இஸ் யுவர் ஹாஸ்டல்?"

"திஸ் ஹாஸ்டல் இஸ் ஹோம் அவே ஃப்ரம் ஹோம், மேடம்." வீட்டை விட்டு வந்தும் வீட்டில் இருப்பது போலவே இருக்கிறது என்று அர்த்தம். விடுதியைப் பற்றி யார் கேட்டாலும் இதைத்தான் சொல்ல வேண்டும் என்று சார் உத்தரவு.

"முகத்த உம்முன்னு வச்சுக்கிட்டுச் சொன்னா எந்த வெள்ளைக்காரி நம்புவா? சிரிங்கக்கா."

சிரித்தேன்.

"ஐயையோ, வேணாம்க்கா. பழையபடியே சொல்லுங்க."

இரண்டு பேரும் சிரித்துச் சிரித்து அவளுக்கு இருமல் வந்துவிட்டது. வெந்நீர் வைத்துக் கொடுத்தேன். என் ஃபேன் காற்று அவள் பக்கமும் போகட்டும் என்று என் அறைக்கும் சிக் ரூமுக்கும் நடுவில் உள்ள கதவைத் திறந்து வைத்தேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

நாகஜோதியின் அம்மா கேட்டுக்கு வந்திருந்தார். ஷிப்டில் இருக்கிறாள், இப்போது பார்க்க முடியாது, அடுத்த மாதம் வாருங்கள் என்று சொல்லி அனுப்பச் சொன்னார்கள். கேட்டுக்குப் போய்ச் சொல்லி அனுப்பினேன்.

கொசுவத்தி தீர்ந்துவிட்டது. வாங்க வேண்டும்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கொடியேற்றினார்கள். மிட்டாய் கொடுத்தார்கள். பிள்ளைகளும் நானும் வரிசையாக மெயின் கேட் வரை அணிவகுத்துப் போய், அங்கிருந்து திரும்பி வந்தோம். நாம் எல்லாரும் ஒரே குடும்பம் என்று சார் பேசினார். வகுப்பு போர்டில் என் பெயருக்கு நேராக ஷெரின் மிஸ் நட்சத்திரம் ஒட்டினார். சூப்பர்வைசர் ஒருத்தருக்கும் இல்லை, எனக்கு மட்டும்தான்.

நாகஜோதி, "ட்ரீட் எங்கக்கா?" என்று கேட்டாள். மிட்டாயைக் கொடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்துப் பேச ஒரு மாதிரி இருந்தது. வெயில் காரணமாக இருக்கலாம்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

பிள்ளைகள் எல்லாம் பேசி முடித்த பிறகு நானும் அருப்புக்கோட்டைக்குத் தம்பிக்குப் போன் போட்டேன். பிள்ளையார் சதுர்த்திக்கு வந்து போகட்டுமா என்று கேட்டேன்.

"வாக்கா, அதுக்கென்ன" என்றான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டான். "நீ இருந்த ரூம்ல இப்ப இவ தையல் மிஷின் போட்டிருக்கா. வந்தா எங்க படுப்பேன்னுதான்..."

வரவில்லை, சும்மா கேட்டேன் என்றேன். எனக்கென்ன குறை? இங்கே தனி அறை இருக்கிறது, ஃபேன் இருக்கிறது, மூன்று வேளைச் சாப்பாடு இருக்கிறது. புருஷன் வீட்டிலும் இல்லை, பிறந்த வீட்டிலும் இல்லை என்று ஆன பிறகு இந்த மில்தானே இடம் கொடுத்தது? நன்றி வேண்டாமா?

ஆகஸ்ட் 20, புதன்

ஒத்திகைக்கு உட்கார்ந்தோம். நாகஜோதி துண்டை எடுக்கவில்லை.

"எங்கம்மா வந்தாகளாக்கா?"

"யாரு சொன்னா?"

"செக்யூரிட்டி ஆறுச்சாமி ஐயா. ரொம்ப நேரம் கேட்டுக்கு வெளிய ஒக்காந்திருந்துட்டுப் போனாகளாம். ஆறுச்சாமி ஐயாதான் தண்ணி குடுத்தாராம்."

அந்த ஆளுக்கு வாய் ஓட்டை. கேன்டீனில் வேலை இருப்பது ஞாபகம் வந்து எழுந்து போய்விட்டேன். சாம்பாரில் உப்பு அதிகம்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

வந்துவிட்டுப் போய்விட்டார்கள். எழுதியே ஆக வேண்டும் போல இருக்கிறது.

அந்த அம்மாள் பெயர் ஹெலன். நரைத்த முடி, சாதாரணச் செருப்பு. நான் நினைத்த மாதிரி மூக்கால் பேசவில்லை. கூட வந்த மொழிபெயர்ப்பாளரைச் சார் சாமர்த்தியமாக ஆபீசிலேயே காகிதங்களோடு உட்கார வைத்துவிட்டார். "ஹாஸ்டலுக்கு நம்ம வார்டனே போதுங்க, நல்லா இங்கிலீஷ் பேசுவாங்க" என்று என்னை முன்னால் தள்ளினார்.

எல்லாம் திட்டப்படி நடந்தது. சார் பொறுக்கி எடுத்த பிள்ளைகளை வராந்தாவில் நிறுத்தியிருந்தோம். நானும் வகுப்பில் படித்தபடி, கூடுதலாகவே செய்கிறோம் என்பதற்கு "எக்ஸ்ட்ரா மைல்" என்றேன், எல்லாருக்கும் ஒரே கருத்து என்பதற்கு "சேம் பேஜ்" என்றேன். அந்த அம்மாள் தலையாட்டிக்கொண்டே வந்தார். சிக் ரூம் கதவைக் காட்டி இது என்ன என்று கேட்டார். "ஸ்டோர் ரூம்" என்றார் சார். அப்போது உள்ளேயிருந்து இருமல் கேட்டது.

ஹெலன் அம்மாள் கதவைத் திறந்து உள்ளே போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். நாகஜோதியின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். ஐடியம் எதுவும் இல்லை. நல்லா இருக்கியா, வீட்டுக்குப் போக நினைத்தால் உன்னால் போக முடியுமா, அவ்வளவுதான்.

அவளுக்குப் புரிந்தது. அவளே இங்கிலீஷில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் என்னைப் பார்த்தாள்.

"நான் தமிழ்லயே சொல்றேன்க்கா, நீங்க அவுககிட்டச் சொல்லுங்க. எங்கம்மா வந்தாக, பாக்க விடல. எனக்கு மூச்சு முட்டுது. நான் வீட்டுக்குப் போகணும். இத அப்பிடியே சொல்லுங்கக்கா."

சார் எனக்குப் பின்னால் நின்றிருந்தார். தொண்டையைக்கூடக் கனைக்கவில்லை.

என் வாய் திறந்தது. நான் சொன்னது இது: "ஷீ ஸேஸ், திஸ் இஸ் ஹோம் அவே ஃப்ரம் ஹோம். ஒன்லி லிட்டில் அண்டர் த வெதர்."

எவ்வளவு சரளமாக வந்தது! ஒரு இடத்தில்கூடத் தடுக்கவில்லை.

ஹெலன் அம்மாளுக்கு என்ன தோன்றியதோ, நேராக அவளிடமே திரும்பி, இது சரிதானா என்று இங்கிலீஷில் கேட்டார். இப்போது அவள் உண்மையைச் சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், சொல்லிவிட மாட்டாளா என்றும் இருந்தது, சொல்லிவிடுவாளோ என்றும் இருந்தது. அவள் என்னைப் பார்த்தாள். சாரைப் பார்த்தாள். அந்த அம்மாள் காரில் ஏறிப் போய்விடுவார், அவளோ எங்களோடு இங்கேதான் கிடக்க வேண்டும்.

"யெஸ், மேடம்" என்றாள். "ஹோம் அவே ஃப்ரம் ஹோம்."

நாங்கள் பழகியபோது நான் சொன்ன அதே ராகத்தில் சொன்னாள்.

ஆகஸ்ட் 23, சனி

சார் கூப்பிட்டுக் கை கொடுத்தார். இரண்டாவது யூனிட் விடுதியையும் என்னிடமே தரப் போகிறார்களாம். இனிமேல் சீனியர் வார்டன்.

"நாகஜோதிய இனி வெளி ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாமா சார்? விசிட்தான் முடிஞ்சிருச்சே."

"எதுக்குங்க? நல்லா இருக்கேன்னு அந்தப் பொண்ணே அவங்ககிட்டச் சொல்லிருச்சே. ரிப்போர்ட்ல ஏறிருச்சு. இப்ப ஆஸ்பத்திரிக்கு அனுப்பிச்சா நல்லாவா இருக்கும்? திங்கக்கிழமைல இருந்து ஷிப்டுக்கு அனுப்புங்க."

ஆகஸ்ட் 25, திங்கள்

அனுப்பினேன்.

ஆகஸ்ட் 27, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. கொழுக்கட்டைக்கு வெல்லப் பாகு நன்றாக அமைந்தது. நாகஜோதிக்குத் தனியாக எடுத்து வைத்து, ஷிப்டு விட்டு வந்ததும் கொண்டுபோனேன். தலையெல்லாம் பஞ்சு. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உதடு ஒரு மாதிரி நீலம் பாரித்திருந்தது.

"ஒரு வாய் சாப்பிடு ஜோதி."

"வேண்டாம் மேடம்."

இந்த விடுதியில் எல்லாப் பிள்ளைகளும் என்னை அக்கா என்றுதான் கூப்பிடும். தட்டை வைத்துக்கொண்டு வராந்தாவிலேயே நின்றேன். பிறகு அறைக்கு வந்து அழுதேன். எழுதுவதற்கு என்ன வெட்கம், அழுதேன்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

போன் அலமாரியைத் தூசி தட்டினேன். அப்படியே நாகஜோதியின் போனிலிருந்து அவள் அம்மா நம்பரை எடுத்து வைத்துக்கொண்டேன். ஒரு நம்பரை எடுத்து வைத்துக்கொள்வதில் என்ன தப்பு இருக்கிறது?

ஷெரின் மிஸ் கடைசி வகுப்பு முடித்துப் போய்விட்டார். எல்லாருக்கும் சர்ட்டிபிகேட்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

மாதக் கடைசி ஞாயிறு ஷாப்பிங். பிள்ளைகளை வேனில் உடுமலைக்குக் கூட்டிப் போய், சோப்பு, சீப்பு, நாப்கின் வாங்க வைத்து, திரும்பக் கூட்டி வர வேண்டும். யார் யார் வருவது என்று முடிவு செய்வது வார்டன். நாகஜோதியையும் ஏறச் சொன்னேன். அவள் ஏன் என்று கேட்கவில்லை. கடைசி சீட்டில் ஜன்னலில் சாய்ந்துகொண்டாள்.

மற்றப் பிள்ளைகளைக் கடைக்குள் விட்டுவிட்டு, இவளைக் கையைப் பிடித்து பஸ் ஸ்டாண்டுக்கு நடத்திப் போனேன். நாலு எட்டுக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கினாள்.

"எங்க போறோம் மேடம்?"

நான் சொல்வதற்குள் அவளே பார்த்துவிட்டாள். பழனி பஸ் நிற்கிற இடத்தில் அவள் அம்மா உட்கார்ந்திருந்தார், மடியில் மஞ்சள் பையோடு. "ஆத்தாடி, என்ன இப்பிடி ஆயிட்ட!" என்று ஓடி வந்து அவளைக் கட்டிக்கொண்டார். தலைமுடியில் இருந்த பஞ்சைப் பிய்த்துப் பிய்த்துப் போட்டார். பிறகுதான் என்னைப் பார்த்தார்.

"அன்னைக்குக் கேட்டுல வந்து, ஷிப்டுல இருக்கான்னு சொன்னது நீங்கதான?"

"ஆமா."

"நேத்துப் போன் போட்டு வரச் சொன்னதும் நீங்கதானா?"

"ஆமா."

என்னை மேலும் கீழும் பார்த்தார். திட்டினால் வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றேன். "சாப்டீங்களா?" என்று கேட்டார்.

நாகஜோதியின் போனை அவள் கையில் கொடுத்தேன். நேராக மதுரை பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள், எங்கே வேலை பார்த்தாய் என்று டாக்டர் கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள் என்றேன். பஸ் கிளம்பும்போது நாகஜோதி, "நீங்களும் வாங்க" என்றாள். மேடம் என்றும் சொல்லவில்லை, அக்கா என்றும் சொல்லவில்லை.

வேன் பிள்ளைகளை அப்படியே விட்டுவிட்டு எப்படிப் போவது? திரும்பி வந்தேன்.

கேட்டில் தலையை எண்ணிய ஆறுச்சாமி, மறுபடி எண்ணினார். என் முகத்தைப் பார்த்தார். "சரியா இருக்குதுங்" என்று கதவைச் சாத்தினார். வாய் ஓட்டை என்று எழுதியிருந்தேன், அதை அடிக்க வேண்டும்.

செப்டம்பர் 1, திங்கள்

காலை ஷிப்டில் ஆள் குறைந்ததும் தெரிந்துவிட்டது. சார் கூப்பிட்டார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

"கடைக்குப் போன எடத்துல உங்களுக்குத் தெரியாம ஓடிருச்சு. அப்படித்தானுங்களே? அப்படியே எழுதிக் குடுத்துருங்க. ஹெட் ஆபீசுக்கு அனுப்பணும், இங்கிலீஷ்ல. உங்களுக்கு நான் சொல்லியா தரணும்? சாயங்காலம் ரெண்டாவது யூனிட் சாவிய வாங்கிக்கலாம்."

வெள்ளைத் தாளும் பேனாவும் நீட்டினார். எழுதிவிட்டால் என் அறை எனக்கு, ஃபேன் எனக்கு, கூட ஒரு விடுதியும் எனக்கு. அவள்தான் போய்ச் சேர்ந்துவிட்டாளே, ஓடிவிட்டாள் என்று எழுதினால் அவளுக்கு என்ன நஷ்டம்? உண்மையாகவே அப்படித்தான் யோசித்தேன். ஆனால் வீட்டுக்குப் போகணும் என்று அவள் சொன்னதை ஒரு தடவை நான் மாற்றிச் சொல்லியாயிற்று. இன்னொரு தடவை கை வரவில்லை.

எழுதிக் கொடுத்தேன். சார் வாய்விட்டே படித்தார்.

"ஷீ வான்டட் டு கோ ஹோம். ஐ சென்ட் ஹெர் ஹோம்."

தாளைத் திருப்பிப் பார்த்தார். "என்னங்க இது, ரெண்டே வரி?"

"நடந்தது அவ்வளவுதான் சார்."

மத்தியானத்துக்குள் அறையைக் காலி செய்யச் சொன்னார்கள். ஒரு பெட்டி, ஒரு பை. நாலைந்து வருடம் இருந்த இடத்தைக் கட்டி முடிக்க எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

கேட்டில் ஆறுச்சாமி கையைப் பிசைந்தார். "அவுட் பாஸ் இல்லாம யாரையும் வுடக் கூடாதுங்கம்மா. சாரு வேற மீட்டிங்ல இருக்கறாரு." வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள், வெளியே போக அனுமதி இல்லை. பெட்டி மேல் உட்கார்ந்தேன். நாகஜோதியின் அம்மா அன்றைக்கு இந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார், நான் இந்தப் பக்கம். சார் வரும்போது வரட்டும் என்று இருந்திருந்தால் மனசு மாறியிருப்பேனோ என்னவோ. ஷிப்டு முடிந்த பிள்ளைகள் தூரத்தில் வரிசையாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தொறங்க ஐயா" என்றேன்.

"என்ற வேலை போயிருமுங்களே..."

"நான் மெரட்டித் தொறக்க வச்சேன்னு சொல்லுங்க."

வரிசையாக நின்ற பிள்ளைகளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சாவியை எடுத்தார்.

இதை உடுமலை பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். எந்த பஸ் ஏறுவது என்று இன்னும் முடிவு செய்யவில்லை. பயமாகத்தான் இருக்கிறது. இப்போதுதான் நாகஜோதியிடமிருந்து போன் வந்தது. பெரியாஸ்பத்திரியில் கட்டில் கொடுத்துவிட்டார்களாம், மூக்கில் குழாய் வைத்திருக்கிறார்களாம், நெஞ்சு கொஞ்சம் லேசாக இருக்கிறதாம். சொல்லும்போதே இருமினாள்.

"அக்கா, நீங்க இப்ப எங்கக்கா இருக்கீக?"

"வெளிய இருக்கேன் ஜோதி" என்றேன்.